ஷோகேஸில் நிற்கும் ஒயின் பாட்டில்

சேலத்தில் யாரிடம் வேண்டுமானாலும் ஒயின்ஷாப் எங்கே என்று கேளுங்கள், கையை நீட்டி வழி சொல்லிவிடுவார்கள். அங்கே போய் ஒயின் கேட்டால்தான் சிக்கல். பிராந்தி இருக்கும், ரம் இருக்கும், பீர் இருக்கும். ஒயின் என்றால் கடைக்காரரே ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, மேல் தட்டில் தூசி படிந்து நிற்கும் பாட்டிலை எட்டி எடுப்பார். தனியார் கடைகள் ‘ஒயின்ஸ்’ என்று போர்டு மாட்டியிருந்த காலம் 2003ல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போனதோடு முடிந்துவிட்டது. பெயர் மட்டும் நம் வாயில் நின்றுவிட்டது. ஒயின் என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒயினைத் தவிர மற்ற எல்லாம் பொருள்.

இதில் சேலத்துக்கு ஒரு தனிக் கணக்கும் உண்டு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்தது இந்த மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1ஆம் தேதி. அப்போது மாகாண ஆட்சியின் தலைமையில் இருந்த ராஜாஜி, அதற்கு இருபது வருடம் முன்னால் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். அதன்பின் மதுவிலக்கு வந்தும் போயும் இருந்தது வேறு கதை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: ஊறுகாய் ஜாடியை எங்கே வைப்பது, நல்லெண்ணெயை எதில் ஊற்றி வைப்பது என்பதெல்லாம் நம் வீடுகளில் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். ஒயின் பாட்டிலைப் பற்றி அப்படிச் சொல்லித்தர வீட்டில் யாரும் இருந்ததில்லை. அதனால் வெளிநாட்டிலிருந்து வரும் மச்சானோ, தம்பியோ ஒரு பாட்டிலைக் கொடுத்தால், அது நேராக ஷோகேஸுக்குப் போகிறது. பொம்மைக்கும் ஷீல்டுக்கும் நடுவில், ட்யூப்லைட் வெளிச்சத்தில், நிமிர்ந்து நிற்கிறது. ஒரு நல்ல நாள் வரட்டும் என்று.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று ஆறு வருடம் நின்றது. மச்சான் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்தது, அங்கே போர்தோ வட்டாரத்துச் சிவப்பு ஒயின். அஸ்தம்பட்டியில் மாடி வீடு, மொட்டைமாடிக்கு நேர் கீழே ஹால். வருகிறவர்கள் எல்லாம் லேபிளைப் பார்த்துவிட்டு “இன்னும் பழசாகட்டும், அப்பத்தான் ருசி” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் நம்பினேன்.

பிராந்திக்கும் ஒயினுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாததுதான் இதற்கெல்லாம் காரணம். நம் ஊர் பிராந்தி, விஸ்கி லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். காய்ச்சி வடித்த சரக்கு அது. அந்த அளவு ஆல்கஹாலில் கிருமி வளராது. மாறுவதற்கும் அதற்குள் அதிகம் ஒன்றும் இல்லை. மூடியை இறுக்கி வைத்தால் பத்து வருடம் கழித்தும் ஏறக்குறைய அதே சரக்குதான். ஒயினில் ஆல்கஹால் பெரும்பாலும் 12 முதல் 14 சதவீதம். மீதி எல்லாம் திராட்சைச் சாறு தந்தவை: புளிப்பு, கடுந்தேநீரில் நாக்கைப் பிடிக்குமே அந்தத் துவர்ப்பு, நிறம், வாசனை. இவை ஒன்றோடொன்று சேர்ந்தும் பிரிந்தும் மாறிக்கொண்டே இருக்கும். காற்று பட்டால் வேகமாக மாறும், சூடு பட்டால் இன்னும் வேகமாக.

மாவடு ஊறுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்ச நாள் ஊறினால் நன்றாக இருக்கும், ஒரு கட்டத்துக்கு மேல் அழுகல்தான். எல்லா ஒயினுக்கும் ஊறுகிற தெம்பும் கிடையாது. கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி, திராட்சை பறித்த ஓரிரண்டு, மிஞ்சிப்போனால் நான்கைந்து வருடங்களுக்குள் குடித்துவிட வேண்டும் என்றே செய்யப்படுவது. நாசிக்கிலோ பெங்களூருக்குப் பக்கத்து நந்தி மலையடிவாரத்திலோ செய்யும் நம் நாட்டு ஒயின்களும் பெரும்பாலும் அப்படித்தான். லேபிளில் பெரிதாகப் போட்டிருக்கும் வருடம் திராட்சை பறித்த வருடம். வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குவது, தயிர் பாக்கெட்டில் தேதி பார்ப்பதைப் போலத்தான்.

சரி, எங்கே வைப்பது? பாதாள அறைகளில் வைத்துப் பழகியவர்கள் சொல்லும் அளவு 12, 13 டிகிரி. அதைவிட முக்கியமாக, பகலும் இரவும், கோடையும் குளிரும் அது மாறாமல் இருக்க வேண்டும். சேலத்தில் இதைப் படித்தால் சிரிப்புதான் வரும். நம் மே மாதத்துக்குப் பகலில் 38, 39 என்பது சாதாரணம். பாதாள அறை வேண்டாம், வீட்டில் உள்ளதிலேயே குறைந்த சூடு எங்கே என்று பார்த்துவிடலாம் என்று, அதிக அளவையும் குறைந்த அளவையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பரண்தான் இருப்பதிலேயே மோசம், 39ஐத் தொட்டது. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி பத்து மணி வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது. ஷோகேஸ் பகலில் 36, விடியற்காலையில் 31. சமையலறை அலமாரியும் அதற்குக் குறையவில்லை, அடுப்பு ஏற்றும் நேரத்தில் இன்னும் ஏறியது. நான் எதிர்பார்க்காத இடம் கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அலமாரி. வெளிச்சுவர் ஒன்றும் அதைத் தொடவில்லை. மே மாதத்திலும் 31, 32க்குள் நின்றது. முக்கியமாக, பகலுக்கும் இரவுக்கும் ஒரு டிகிரிதான் வித்தியாசம். 31 என்பது ஒயினுக்கு நல்ல அளவு இல்லைதான். ஆனாலும் ஒரு மாதம், இரண்டு மாதம் வைக்க ஷோகேஸைவிட எவ்வளவோ மேல்.

அந்த ஏற்ற இறக்கம் ஏன் முக்கியம் என்றால், சூட்டில் ஒயின் விரியும். பாட்டில் கழுத்தில் தக்கைக்குக் கீழே இருக்கும் வெற்றிடம் ஒரு விரற்கடைதான். பகலில் விரிந்த ஒயின் அந்தக் காற்றை நெருக்கித் தக்கையை மேலே தள்ளும், ஓரத்தில் கசியும். ராத்திரி சுருங்கும்போது வெளிக்காற்றைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். தினமும் ஒரு மூச்சு. ஆறு வருடத்துக்கு எத்தனை மூச்சு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஷோகேஸ் பாட்டிலின் கழுத்தில் தக்கையை மூடியிருக்கும் தகடு பிசுபிசுவென்று இருந்ததை நான் லேபிளின் பசை என்று நினைத்திருந்தேன்.

இந்தச் சூடு ஒரே நாளிலும் வேலையைக் காட்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர் தலைக்கு 2 லிட்டர் வரை சுங்கம் கட்டாமல் கொண்டுவரலாம். பெங்களூரில் இறங்கி, பாட்டிலைக் கார் டிக்கியில் போட்டு, வழியில் சாப்பாட்டுக்கு வெயிலில் வண்டியை ஒரு மணி நேரம் நிறுத்தினால், டிக்கிக்குள் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சீட்டுக்குக் கீழே, ஏசி காற்று படுகிற இடத்தில் வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

மாமனார் வீடு ஏற்காடு. கீழே சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், மேலே ஏற்காடு சுமார் 1500. ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அடிவாரத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவதற்குள், கையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் காற்றுத் தலையணை மாதிரி உப்பிவிடும், காதும் ஒருமுறை அடைத்துத் திறக்கும், சட்டைக்குள் வியர்வை காய்ந்துவிடும். அவர் காபி எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய கல் கட்டடம். சுவர் ஒன்றரை அடிக்கு மேல் தடிமன், வடக்குப் பக்கம் ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம். தெர்மாமீட்டரை அங்கேயும் கொண்டுபோனேன். மே மாதத்தில் 22, 23. டிசம்பரில் 16. நான் வியந்து சொன்னபோது அவர் அசரவே இல்லை.

“காபிக் கொட்டைய எங்க வெப்போமோ அங்கதான் மாப்பிள்ளை இதுவும். வெயில் படக்கூடாது, வாசனை படக்கூடாது, நகத்தக் கூடாது. இதுக்கு எதுக்கு மிஷினு?”

“சரிங்க மாமா” என்றேன். மாமா சொன்ன மூன்றில் முதலும் கடைசியும் ஒயின் புத்தகங்களிலும் உண்டு. நடுவில் சொன்னது அதே அறையில் இருக்கும் மிளகு மூட்டையை நினைத்து. மூடிய பாட்டிலுக்குள் மிளகு வாசனை போய்விடும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

ஏற்காட்டில் வேறு தொல்லை உண்டு. மழை மாதங்களில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். லேபிளில் பூஞ்சை பூக்கும், தக்கையின் மேல்முனையில் கறுப்பாகப் படியும். பார்க்க அருவருப்பாக இருக்குமே தவிர, உள்ளே ஒன்றும் ஆகாது. தகட்டை வெட்டியதும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திறக்கலாம். ஈரம் தக்கைக்கு நல்லதும்கூட. சேலத்து வறட்சிதான் தக்கைக்கு எதிரி.

தக்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாட்டிலைப் படுக்க வைப்பதா நிறுத்தி வைப்பதா என்ற கேள்வியே அதிலிருந்துதான் வருகிறது. இது ஓக் வகை மரம் ஒன்றின் பட்டை. உலகத் தேவையில் ஏறக்குறையப் பாதி போர்ச்சுகலிலிருந்து வருகிறது. மரத்துக்கு சுமார் 25 வயது ஆன பிறகுதான் முதல் பட்டையை உரிப்பார்கள். பிறகு ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை. மரத்தை வெட்டுவதில்லை, பட்டை திரும்ப வளரும். அந்தப் பட்டை முழுக்கக் காற்று அடைத்த நுண்ணறைகள். அதனால்தான் 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள தக்கையை நசுக்கி, 18 சொச்சம் மில்லிமீட்டர் கழுத்துக்குள் அடித்து இறக்க முடிகிறது. உள்ளே போனதும் அது விரியப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த நெருக்கம்தான் காற்றைத் தடுக்கிறது. காய்ந்தால் சுருங்கும், நெருக்கம் போய்விடும். பாட்டிலைப் படுக்க வைத்தால் ஒயின் எப்போதும் தக்கையை நனைத்துக்கொண்டிருக்கும். ஓரிரு மாதத்தில் குடிக்கப்போகிற பாட்டில் நின்றால் என்ன, கிடந்தால் என்ன. ஒரு வருடம் வைக்கப்போகிறீர்கள் என்றால் படுக்க வையுங்கள். ரேக் எல்லாம் வேண்டாம். பாட்டில் வந்த அட்டைப்பெட்டியையே பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் போதும், வெளிச்சமும் படாது.

தக்கை போட்ட விஸ்கி, பிராந்திக்கு இதற்கு நேர் எதிர். அவற்றைப் படுக்க வைத்தால் அந்தக் காட்டமான ஆல்கஹால் தக்கையை அரித்துப் பொடியாக்கிவிடும். அவை நிற்கட்டும்.

திருகு மூடி போட்டது மட்டரகம் என்ற எண்ணம் நம்மிடம் நிறைய இருக்கிறது. உண்மையில் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் செய்பவர்கள் 2000ஆம் ஆண்டில் சேர்ந்து முடிவெடுத்துத் தங்கள் நல்ல ஒயினையே திருகு மூடிக்கு மாற்றினார்கள். அடுத்து நியூசிலாந்து பெரும்பாலும் அந்தப் பக்கமே போய்விட்டது. சேலத்து வெயிலுக்கு என்னைக் கேட்டால் திருகு மூடிதான். காயாது, பொடியாகாது, ஓப்பனர் தேட வேண்டாம், எப்படி வைத்தாலும் சரி.

தக்கை தரும் இன்னொரு தொல்லைக்கும் அதில் இடமே இல்லை என்று சொல்லிவிடலாம். சில பாட்டில்களைத் திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி, மழையில் ஊறிய பழைய நியூஸ் பேப்பர் மாதிரி ஒரு வாடை வரும். டிரைகுளோரோஅனிசோல் என்ற பொருள் செய்யும் வேலை. பூஞ்சையும் குளோரின் சேர்மங்களும் தக்கையில் சந்திக்கும்போது உண்டாவது. ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் குடிக்க முடியாது. வைத்தவர் தப்பு இல்லை, திறந்தவர் தப்பும் இல்லை.

வெளிச்சம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வெயில் ஒயினைக் கெடுக்கும், நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் வரும் வெள்ளை, ரோஸ் ஒயினை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். வேக வைத்த முட்டைக்கோஸ் வாடை வந்தால் அதுதான் காரணமாக இருக்கும். ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சில வாரங்களுக்கு, சேலத்து வீட்டில், தாராளமாக. காய்கறிப் பெட்டியில் 8, 9 டிகிரி இருக்கும். வருடக்கணக்கில் வைத்தால் உள்ளே இருக்கும் வறண்ட காற்று தக்கையைக் காய வைக்கும். மீன் குழம்புப் பாத்திரத்தோடு பாட்டிலையும் தினமும் நகர்த்த வேண்டியிருக்கும். இருந்தாலும் 36 டிகிரி ஷோகேஸா, காய்கறிப் பெட்டியா என்றால் கண்ணை மூடிக்கொண்டு காய்கறிப் பெட்டி.

ஒயினுக்கென்றே வரும் சின்ன ஃபிரிட்ஜ்களிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை குறைந்தவற்றில் கம்ப்ரசர் இருக்காது. மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகட்டை வைத்து வேலை செய்பவை. சத்தம் வராது, அதிராது, நல்லதுதான். ஆனால் வெளிச்சூட்டிலிருந்து ஓரளவுதான் அவற்றால் இறக்க முடியும். ஐரோப்பாவில் 22 டிகிரி அறையில் 12க்குக் கொண்டுவரும் பெட்டி, நம் 36 டிகிரி ஹாலில் மூச்சு வாங்கிக்கொண்டு 20ல் நிற்கும். வாங்குவதாக இருந்தால் கம்ப்ரசர் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை. ஐந்தாறு பாட்டிலுக்கு மாமனாரின் ஸ்டோர் ரூம் போதும்.

இனித் திறக்கும் விஷயம். முதலில் குளிர்ச்சி. ‘சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கும். இதைப்போல நம்மை ஏமாற்றிய வாக்கியம் வேறு இல்லை. அது எந்த ஊர் அறை? ஹீட்டர் வராத காலத்து ஐரோப்பியக் கல் வீடு. அங்கே அறை என்றால் 16, 18 டிகிரி. நம் அறையில் 33ல் ஊற்றினால் ஆல்கஹால் ஆவி முதலில் மூக்கில் ஏறும்; பழ வாசனை அதற்கு அடியில் அமுங்கிவிடும், நாக்கில் கொழகொழவென்று இருக்கும். “சிவப்பு ஒயின் எனக்கு ஒத்துக்கல, தலைவலி” என்று சொல்பவர்களில் பாதிப் பேர் குடித்தது சூடான ஒயின் என்பது என் சந்தேகம். ஆகவே சேலத்தில் சிவப்பு ஒயினும் ஃபிரிட்ஜுக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போய் வர வேண்டும். ஏற்காட்டில் டிசம்பரில் ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றலாம். அங்கேதான் அந்த வாக்கியம் உண்மையாகிறது.

வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 12 டிகிரி. அவசரம் என்றால் ஃப்ரீசரில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். ஒயின் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஐந்தாறு டிகிரியில் உறையும், உறைந்தால் விரியும், தக்கை வெளியே வரும் அல்லது பாட்டில் விரிசல் விடும். அதைவிட ஒரு வாளியில் ஐஸும் தண்ணீரும் கலந்து, ஒரு பிடி கல் உப்பைப் போட்டு, பாட்டிலைக் கழுத்து வரை அமுக்கி வையுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடம் போதும். வெறும் ஐஸில் வைத்தால் கட்டிகள் அங்கங்கேதான் தொடும், நடுவில் காற்று. தண்ணீர் பாட்டில் முழுக்கத் தொடும். உப்பு தண்ணீரை பூஜ்ஜியத்துக்கும் கீழே இறக்கும். கரண்ட் இல்லாத நாளில், ஈரத்துணியைச் சுற்றிக் காற்று வரும் ஜன்னலோரம் நிழலில் வைத்தாலும் கொஞ்சம் குளிரும், மண்பானைக் கணக்குதான். சேலத்து ஏப்ரலில் இது பலிக்கும், ஏற்காட்டு மழையில் பலிக்காது. அங்கே காற்றிலேயே ஈரம், துணி காயவே காயாது.

கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸுக்கு ஏற்காடு போயிருந்தோம். மாமியார் வீட்டில் கேக்கோடு ஒரு சொட்டு ஒயின் என்பது பழக்கம். பாட்டில் இருக்கிறது, ஓப்பனர் இல்லை. மைத்துனன் செல்போனில் பார்த்ததாகச் சொல்லி, பாட்டிலை ஷூவுக்குள் வைத்துச் சுவரில் தட்டலாம் என்றான். அது வேலை செய்யும்தான். ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே இருக்கும் திரவம் மோதித் தக்கையை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தள்ளும். அதே மோதலில் கண்ணாடி உடைந்து உள்ளங்கையில் ஏறுவதும் உண்டு. கழுத்தை அடுப்பில் காட்டு என்றார் இன்னொருவர். அதுவும் வேண்டாம், சூடுபட்ட கண்ணாடி எந்தப் பக்கம் வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் மாமா தன் டூல் பெட்டியிலிருந்து நீளமான மர ஸ்க்ரூ ஒன்றை எடுத்து, தக்கை நடுவில் முக்கால் பாகம் திருகி, தலையைக் குறட்டால் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. ஓப்பனர் என்பதே அவ்வளவுதான், ஒரு திருகும் ஒரு நெம்புகோலும்.

ஹோட்டல் சர்வர்கள் பையில் வைத்திருக்கும் மடக்கு ஓப்பனர், கார்ல் வீன்கே என்ற ஜெர்மானியர் 1882ல் காப்புரிமை வாங்கிய வடிவம். இன்றைக்கும் அதைவிட நல்லது வரவில்லை. இரண்டு கையைத் தூக்கும் பொம்மை மாதிரி ஒன்று கடைகளில் கிடைக்கும். அதில் பலவற்றில் திருகு தடித்த உருளையாக இருக்கும், பழைய தக்கையைக் குடைந்து மாவாக்கிவிடும். திருகு, நடுவில் வெற்றிடம் விட்டுச் சுருண்ட கம்பிச் சுருளாக இருக்க வேண்டும். நெம்பும் கையில் இரண்டு படி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கழுத்தில் கண்ணாடி விளிம்பு தடித்திருக்கும். அதற்குக் கீழே கத்தியை வைத்து, பாட்டிலைத் திருப்பாமல் கையைச் சுற்றி, தகட்டை வெட்டி எடுத்துத் துடையுங்கள். திருகின் முனையைத் தக்கை நடுவில் சற்றுச் சாய்த்து வைத்துக் குத்தி, பிறகு நிமிர்த்தி, நேராகத் திருகுங்கள். ஒரு சுற்று வெளியே தெரியும்போது நிறுத்திவிட வேண்டும். முழுக்க இறக்கினால் அடியைத் துளைத்துத் தூள் ஒயினில் விழும். முதல் படியை விளிம்பில் மாட்டி நெம்புங்கள், பாதி வந்ததும் இரண்டாவது படிக்கு மாற்றி நெம்புங்கள். கடைசி அரை அங்குலத்தைக் கையால் பிடித்து மெல்ல ஆட்டி எடுங்கள். பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்தால் நன்றாகத் திறந்திருக்கிறீர்கள்.

தக்கை பாதியில் உடைந்தால் பதற வேண்டாம். மீதியில் திருகைச் சாய்வாக இறக்கி இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் உள்ளே தள்ளிவிடுங்கள், துவைத்த மல் துணியில் வடிகட்டுங்கள், தீர்ந்தது. டிகாக்‌ஷன் ஃபில்டரில் வடிகட்டலாமே என்று ஒருவர் கேட்டார். கூடாது, எத்தனை முறை கழுவினாலும் அதில் காபி வாசனை இருக்கும்.

நுரைக்கும் ஒயின் வேறு ஜாதி. அந்த பாட்டிலுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைப்போல ஐந்து, ஆறு மடங்கு, கார் டயரைவிட அதிகம். சேலத்து வெயிலில் குளிரவைக்காமல் கம்பியை அவிழ்த்தால் தக்கை தானே பறக்கும். 6, 8 டிகிரிக்குக் குளிரவைத்து, ஆட்டாமல் எடுத்து, கம்பியைத் திருகும்போதே கட்டைவிரலால் தக்கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பாட்டிலை 45 டிகிரிக்குச் சாய்த்து, ஆள் இல்லாத பக்கம் திருப்பி, தக்கையை அசைக்காமல் பாட்டிலைத் திருப்புங்கள். கல்யாண வீடியோவில் வருவது மாதிரி பீய்ச்சியடித்தால் கண் போகும், பாதி ஒயினும் போகும்.

ஊற்றியதும் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி பளபளவென்று ஏதாவது கிடந்தால் பயந்து கொட்டிவிடாதீர்கள். அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு; குளிரில் பரல் பரலாகப் படியும். நம் புளியின் புளிப்பும் அதே அமிலம்தான். சிவப்பு ஒயினில் மண்டி இருந்தால் ரசத்தில் தெளிவு எடுப்பதைப்போல மேலாக ஊற்றிக்கொள்ளலாம், அதற்கு பாட்டிலை முந்தின நாளே நிறுத்தி வைக்க வேண்டும். இளசான, துவர்ப்பு தூக்கலான சிவப்பு ஒயின் என்றால், கண்ணாடி ஜக்கில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இரண்டு முறை, காபி ஆற்றுவது போல ஆற்றிவிடுங்கள். காற்று பட்டுக் கொஞ்சம் இளகும். பழைய ஒயினை ஆற்றக் கூடாது, இருக்கிற வாசனையும் போய்விடும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் போதும், மேலே உள்ள இடம் வாசனைக்கு. குடித்த கையோடு அந்த இருபது வளைவுகளில் வண்டி எடுக்க நினைப்பவர்களுக்கு, மாமா வீட்டில் பாய் விரித்துக் கொடுத்துவிடுவார்.

மீந்தால் காற்றைக் குறைப்பதுதான் வழி. பாதி பாட்டில் ஒயின் மேல் பாதி பாட்டில் காற்று நிற்கிறது. 375 மில்லி திருகு மூடி பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து வைத்துக்கொண்டு, திறந்த உடனேயே அதில் வாய் வரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், சிவப்பாக இருந்தாலும். நாலைந்து நாள் நிற்கும். பாதி பாட்டிலாகவே வைத்தால் இரண்டு, மூன்று நாள். வெளியே மேஜை மேல், சேலத்தில், மறுநாள் சாயங்காலமே புளிப்பேறிவிடும். காற்றும் கிருமியும் ஒயினைக் கெடுப்பதை 1860களில் லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி உட்கார்ந்து ஆராய்ந்தார். பாலுக்கு நாம் சொல்லும் பாஸ்டரைசேஷன் அந்த ஒயின் வேலையில்தான் தொடங்கியது.

எங்கள் போர்தோவைக் கடைசியில் இரண்டு வருடம் முன்பு ஏற்காட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தோம். தகட்டை எடுத்தபோதே தக்கை விளிம்புக்கு மேல் கால் அங்குலம் எழுந்திருந்தது. திருகு உள்ளே போகும்போது எதிர்ப்பே இல்லை, ஈர பிஸ்கட்டில் குத்துவது போல. மாமா கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சிவப்பு போய், நாட்டுச்சக்கரைப் பாகு நிறம். வாசனை உலர்திராட்சையும் காடியுமாக இருந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கிளாஸைக் கீழே வைத்தார். மாமியார்தான் பாட்டிலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அன்றைக்குப் பன்றிக்கறிக்குப் புளிப்பு அதில்தான், ஒரு கப் ஊற்றி, மூடி போட்டு, முக்கால் மணி நேரம். கறி நன்றாக இருந்தது. மீதி இன்னும் அவர் அடுப்பங்கரையில் காடி பாட்டிலாக நிற்கிறது, நிமிர்ந்தேதான்.